பதியாத கல்யாணங்களின் ஊரில் ஒரு கூட்டம்

கொப்பரை காயும் வாசனை முதலில் இனிப்பாகத்தான் வரும். சற்றுப் பொறுத்தால் அதற்குள்ளிருந்து இன்னொன்று எழும். எண்ணெய் முற்றிய வாசனை, வெயிலில் போட்டுவிட்டு மறந்துபோன எதையோ கிளறிவிடும் வாசனை. போன வாரம் சிங்காநல்லூரில் காங்கேயம் பேருந்து ஏறினேன். முன் இருக்கைக்காரரின் காலடியில் ஒரு சாக்கு. வண்டி கிளம்பியதும் காற்று உள்ளே புகுந்து, அந்தச் சாக்கைத் தொட்டுவிட்டு என் முகத்துக்கு வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பேருந்தில் இல்லை. பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு கொப்பரைக் களத்தில், தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கோடையில், செருப்பு சுடச் சுட நின்றுகொண்டிருந்தேன்.

"நம்ம அமைப்புக்குப் புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்று நீங்கள் கேட்டு மாதங்கள் ஆகின்றன. வேலையை விட்டவளுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நேரம் இருந்தது. தொடங்கும் இடம்தான் இல்லாமல் இருந்தது. மனு எழுதுவது, போலீஸ் அனுமதி வாங்குவது, மைக் செட்டுக்குச் சொல்வது எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு கூட்டத்தைப் பற்றி, அதில் பேச வந்த ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாட்டையும் ஒழிக்க உலக நாடுகள் சேர்ந்து எழுதிய உடன்படிக்கை. இன்று உங்கள் அலுவலகச் சுவரில் அதன் சுருக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அன்று அது எங்களிடம் மங்கிய நகலாக, சைக்ளோஸ்டைல் மை விரலில் ஒட்ட ஒட்ட இருந்தது. இந்தியா எண்பதாம் ஆண்டே அதில் கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. செய்யாதவரை அந்தக் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது. ஏற்புறுதி செய் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டு டெல்லிக்குச் சொல்வதுதான் எங்கள் வேலை.

கையெழுத்துக்கும் ஏற்புறுதிக்கும் என்ன வித்தியாசம் என்று களத்தில் வேலை செய்த பெண்கள் கேட்டார்கள். எங்கள் வக்கீலம்மா சொன்ன பதில் இது: "வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. முகூர்த்தம் மட்டும் குறிக்க மாட்டேங்கறாங்க. பொண்ணு வருசக்கணக்கா உக்காந்திருக்குது."

"மாப்பிள்ளை எந்த ஊருங்க?" என்றாள் ஒருத்தி.

"டெல்லி."

"அப்ப வரமாட்டாருங்க. வேற எடம் பாருங்க."

வக்கீலம்மாவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மில் வைத்திருந்த வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, கோர்ட்டில் ஆங்கிலம், எங்களைத் திட்டுவதற்கு மட்டும் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ். சிங்காநல்லூரில் டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே இருந்த எங்கள் ஒற்றை அறையில், ரப்பர் கருகும் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்துதான் அவர் உலக உடன்படிக்கைகளைப் படித்தார். அவருக்கு ஒரு பழக்கம். கஷ்டமான முடிவு எடுக்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஏன் என்று கேட்டேன். "மூஞ்சி தெரிஞ்சா எரக்கம் வந்துரும். எரக்கம் வந்தா தப்பா முடிவு பண்ணுவேன்" என்றார். நான் நெடுநாள் அதை ஒரு பெரிய தொழில் ரகசியமாக நினைத்திருந்தேன்.

டெல்லிவரை பேச்சு எடுபடக்கூடிய ஒரு கட்சிப் பெரியவர் எங்கள் பக்கம் இருந்தார். அவர் கூட்டத்துக்கு வந்து மனுவை வாங்கிக்கொண்டால் அது மேலே போகும். மாதக்கணக்கில் அவர் வீட்டு வாசலில் நின்றோம். கடைசியில் வருவதாக ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "மேடையில பட்டணத்து அம்மாங்களே பேசினா எப்புடிங்க? நம்ம தோட்டங்காட்டுப் பொம்பளை ஒருத்தராச்சும் பேசோணும். அப்பத்தான் என்ற சனங்க கேக்கறாங்கன்னு நான் மேல சொல்ல முடியும்."

நியாயமான நிபந்தனை. அப்படித்தான் மயிலாத்தாள் எங்களுக்குத் தேவைப்பட்டாள்.

முப்பது வயதை ஒட்டியவள். கொப்பரைக் களத்தில் வேலை. நான் முதல்முறை துண்டறிக்கையோடு போய் வெயிலில் நின்றபோது, "ஏனுங்க அம்மணி, வெயில்ல நின்னாத்தான் பொம்பளைக்கு உரிமை வருமுங்களா? நெழலுக்கு வாங்க" என்றவள். பதினான்கு வயதில் ஒரு கோயிலில் வைத்து அவளுக்குத் தாலி கட்டினார்கள். படம் எடுக்கவில்லை, எங்கும் பதியவில்லை. சில வருடங்களில் கணவன் சத்தியமங்கலத்தில் இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். இவள் தாய்வீட்டுக்குத் திரும்பினாள். தாய் தகப்பன் இல்லாத வீடு. ஒரு தம்பி மட்டும். உறவுக்காரர் ஒருவர் சத்தியமங்கலம் போய், கட்டியவளுக்கு ஒரு வழி சொல்லு என்று கேட்டதற்கு அவன் சொல்லியனுப்பிய பதில்: "அவ யாரு? எங்கம்மாவுக்குத் தொணைக்கு வந்து தங்கியிருந்தவ."

ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் ஊர் அதைச் சொல்வதற்கு வேறு வாக்கியம் வைத்திருந்தது. "மாப்பிள்ளைக்குச் சத்தியமங்கலத்துல சோலி." கோயில் நோம்பியில் கேட்டாலும் அதே பதில், இழவு வீட்டில் கேட்டாலும் அதே பதில். கேட்பவரும் தலையாட்டிக்கொள்வார். வக்கீலம்மா ஜீவனாம்ச வழக்குப் போடலாம் என்று சொன்னபோது மயிலாத்தாள், "இப்ப வேண்டாங்க" என்றாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

உடன்படிக்கையின் பதினாறாவது பிரிவு, குழந்தை மணம் செல்லாது, எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது. மயிலாத்தாளின் கதை அந்தப் பிரிவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவள் பேச வேண்டியதை நானே எழுதினேன். எங்கள் வழக்கம் அப்படி. யார் பேசினாலும் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்போம். கணவன் பெயர், அவன் இருக்கும் ஊர், அவன் சொல்லியனுப்பிய பதில், எல்லாம் அதில் இருந்தன. அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்குதுங்க" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் இலையில் விழுந்தது பிடிக்காவிட்டாலும் "நல்லா இருக்குதுங்க" என்றுதான் சொல்வார்கள் என்பது, இதே மண்ணில் வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

பிள்ளைகளே, ஒருத்தியின் கதை நம் கோரிக்கைக்குக் கச்சிதமாகப் பொருந்தும்போதுதான் நாம் அதிகம் பயப்பட வேண்டும். அந்தக் கச்சிதத்தில் நாம் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

கூட்டம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில், சனிக்கிழமை மதியம். பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். ஆண்கள் பின்வரிசையில், பாதி வேடிக்கைக்கும் பாதி வேவுக்கும். பெரியவரின் கார் இன்னும் வரவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் ஒரு எம்-எய்ட்டி வண்டி வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள் எட்டிப்பார்க்கும் பை. இருபத்தைந்து வயதுப் பையன் முகம்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே இந்தக் கூட்டம் வெக்கறவிய?"

"ஆமாங்க."

"நான் நாச்சிமுத்துங்க. மயிலாத்தா தம்பி."

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். மிரட்ட வரும் அண்ணன் தம்பிகளைச் சமாளிக்க எங்களுக்கு நல்ல பழக்கம் இருந்தது. அவனோ பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினான்.

"கும்புட்டுக் கேக்கறனுங்க. அக்காவ இன்னைக்கிப் பேச உட்டுப்போடாதீங்க."

"உங்க அக்காவுக்குப் பேச உரிமை இருக்குதுங்க, தம்பி."

"இருக்குதுங்க. ஆரு இல்லீன்னா? திங்கக்கெழமை எனக்குக் கல்யாணமுங்க. அக்காதானுங்க இணைச்சீர் செய்யோணும்."

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து உழவர் வீட்டுக் கல்யாணங்களில், தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் சீர் அது. புதுக் கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அவளிடம், மறு தலைப்பு அவன் கையில். நாளை இன்னொருத்தி வந்துவிடுவாள், ஆனாலும் உனக்கும் எனக்கும் உள்ளது அறாது என்று ஊரறியச் சொல்லிக்கொள்வது. கணவனோடு வாழ்பவள்தான் அதைச் செய்யலாம். கணவனோடு வாழ்பவள் என்றால், வாழவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாதவள் என்று பொருள்.

நாச்சிமுத்து அதை எனக்கு எளிமையாகச் சொன்னான். "மாமன் எங்க இருக்காருன்னு ஊருக்கே தெரியுமுங்க. ஆனா ஆரும் சொன்னதில்லீங்க. அக்காவே மைக்குல சொல்லிப்போட்டா, சடங்கு செஞ்சு வெக்கற அருமைக்காரர் என்னங்க பண்ணுவாரு? சித்தப்பன் மக செய்யட்டும்னு சொல்லிப்போடுவாரு. சித்தப்பனும் அதுக்குத்தானுங்க காத்துட்டிருக்காரு." குரல் இறங்கியது. "எங்கம்மா போனப்பொறகு எனக்குச் சோறு ஊட்டுனது அக்காளுங்க. அவ ஓரமா நின்னு பாக்கற கல்யாணம் எனக்கு எதுக்குங்க?"

கெஞ்ச வரும் தம்பியை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவனை அங்கேயே நிற்கவைத்துவிட்டு, வாசலில் காருக்காகக் காத்திருந்த வக்கீலம்மாவிடம் ஓடினேன். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரை எடுத்துரு."

"வேற ஆளே இல்லீங்களே. பெரியவர் கேட்டது..."

"நான் பேசறேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

மாதக்கணக்கான அலைச்சலை அவர் அப்படி உதறியது எனக்குப் பெருந்தன்மையாகப் பட்டது.  இருவரும் மேடைக்குப் பின்னால் போனோம். அங்கே தண்ணீர் டிரம்மை ஒட்டி, அரக்கு நிறச் சேலையில், நான் எழுதிக் கொடுத்த தாளை விசிறிபோல வீசிக்கொண்டு மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். வக்கீலம்மா விஷயத்தைச் சொன்னார். நீ பேச வேண்டாம், நிம்மதியாகப் போய்த் தம்பியின் சீரைச் செய் என்றார்.

விசிறி நின்றது.

"அவன் வந்திருக்கானுங்களா?"

"வந்திருக்கான்."

"சாப்புட்டானான்னு கேட்டீங்களா? காலைல இருந்து பத்திரிகை குடுத்துட்டுச் சுத்தறான்."

நாங்கள் கேட்கவில்லை.

"அவனையும் கேக்கல. என்னையும் கேக்கல. நீங்களே பேரைப் போட்டீங்க, நீங்களே எடுத்துப்போட்டீங்க."

"உன் நல்லதுக்குத்தான் மயிலா."

"பதினாலு வயசுல கட்டிக் குடுக்கறப்ப எங்கய்யனும் அதையேதானுங்க சொன்னாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய வழக்கமான குரல்தான், அதே 'ங்க'தான். வக்கீலம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முடிவெடுக்கும் நேரத்தில் அவர் அதை மாட்டி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"சரி. இப்பக் கேக்கறேன். பேசறியா, வேண்டாமா?"

"பேசறனுங்க. சீரும் செய்யறனுங்க."

"ரெண்டும் எப்படி முடியும்?"

"தெரியலீங்க. மேல போய் நின்னாத் தெரியும்." தாளை என்னிடம் நீட்டினாள். "இதை நீங்களே வெச்சுக்குங்க அம்மணி. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

வாசலில் கார் கதவுகள் அறையும் சத்தம். வக்கீலம்மா என் தோளைப் பிடித்தார். "என்ன பேசப் போறா?"

"தெரியாதுங்க."

"உனக்குத் தெரியாதா, அவளுக்கே தெரியாதா?"

"ரெண்டு பேருக்குமேங்க."

"சரி, விடு" என்றார். அந்த ஒரு சொல்லைத்தான் நான் உங்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மைக் முன்னால் என்ன வரும் என்று தெரியாமல், கெட்டுப்போனால் எல்லாம் கெட்டுப்போகும் என்று தெரிந்தும், அவர் விட்டார். கேட்பது ஒரு வேலை. கேட்டபின் நகர்ந்து நிற்பது அதைவிடக் கடினமான வேலை.

பெரியவர் மேடையில் அமர்ந்தார். அவர் மனைவி முன்வரிசையில், பச்சைப் பட்டில். வரவேற்பு முடிந்ததும் மயிலாத்தாள் மைக் முன்னால் வந்தாள். மைக் அவள் நெற்றி உயரத்துக்கு இருந்தது. யாரோ இறக்கிவிட்டார்கள். அது ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற பேரு மயிலாத்தாளுங்க. கொப்பரைக் களத்துல வேலை. எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஐயாகிட்ட ஒண்ணு கேட்டுப்போட்டுப் போயர்றேன். கேக்கலாமுங்களா?"

"கேளு கண்ணு."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

மண்டபம் சிரித்தது. பெரியவரும் சிரித்தார். "பேரன் பேத்தி எடுத்தாச்சு அம்மணி. அதோ, அங்க உக்காந்திருக்கறா பாரு."

"அது நீங்க சொல்றீங்க. நாங்க எப்புடிங்க நம்பறது?"

சிரிப்பு சற்றுத் தடுமாறி மறுபடி எழுந்தது. "ஊரே வந்து சாப்புட்டுப் போச்சு. பந்தி அடங்கச் சாயங்காலம் ஆயிருச்சு."

"சாப்புட்டவிய எல்லாம் இருக்காங்களா?"

"பாதிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க."

"மீதிப் பேரு?"

"பங்காளிங்க."

அவ்வளவுதான், சிரிப்பில் கூரை அதிர்ந்தது. சொத்துத் தகராறில் எதிரே நிற்கும் பங்காளி வந்து சாட்சி சொல்வது என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பின்வரிசை ஆண்கள்கூடத் தொடையில் தட்டிக்கொண்டார்கள். மயிலாத்தாள் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தாள்.

"எங்கியாச்சும் பதிஞ்சு வெச்சிருக்கீங்களா?"

"அந்தக் காலத்துல ஏது அதெல்லாம்?"

"அப்ப நாளைக்கி நீங்க, 'இந்தம்மா ஆருன்னே எனக்குத் தெரியாது, எங்கம்மாவுக்குத் தொணைக்கு வந்தவ'ன்னு சொல்லிப்போட்டா, அம்மா என்னத்தைங்க காட்டுவாங்க?"

இப்போது பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் பச்சைப் பட்டு அசைந்தது. பெரியவரின் மனைவி கணவனை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, நான் என்னத்தைக் காட்டுவேன்?" என்றார். மைக் இல்லாமலே அது மண்டபத்தின் பாதிவரை கேட்டது. பெரியவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா அப்படிச் சொல்ல மாட்டீங்க. நல்ல மனசு. ஆனா அப்படிச் சொல்றவிய இருக்காங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே?"

"கேள்விப்பட்டிருக்கறேன்."

"நானுங் கேள்விப்பட்டிருக்கறனுங்க" என்றாள் மயிலாத்தாள்.

 எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தது அவள் முகத்தில் வெட்டவெளிச்சமாக நின்றது. அவள் மட்டும் அதைச் சொல்லவில்லை.

"உலக நாடெல்லாம் சேந்து எழுதுன காயிதத்துல, எல்லாக் கல்யாணத்தையும் பதியோணும்னு இருக்குதாமுங்க. டெல்லியில அதைச் சீக்கிரம் முடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. அவ்வளவுதானுங்க. வாரனுங்க."

பெரியவர் மனுவை எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். மேலே சொல்வதாகச் சொன்னார். சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன். எங்கள் ஒரு மனுவால்தான் டெல்லி அசைந்தது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நாடு முழுக்க எத்தனையோ கைகள் அந்த வடத்தைப் பிடித்து இழுத்தன. அதில் எங்கள் பிடியும் ஒன்று.

கூட்டம் கலையும்போது மண்டபத்தின் பின்பக்கம் இன்னொரு கூட்டம். சித்தப்பா நாச்சிமுத்துவைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்.

"என்னடா இது, உன்ற அக்கா ஊருக்கு முன்னால மானத்தை வாங்கிப்போட்டா?"

"அக்கா என்னங்க சொல்லிப்போட்டாங்க? ஐயாவோட கல்யாணத்தைப் பத்திக் கேட்டாங்க. நம்மூட்டுப் பேச்சு ஒண்ணாச்சும் எடுத்தாங்களா?"

"அது எல்லாருக்குந் தெரியும்டா."

"என்னங்க தெரியும்? நீங்களே சொல்லுங்க, கேப்போம்."

சித்தப்பா வாயைத் திறந்தார். சொன்னால், சொன்னவர் அவர் ஆகிவிடுவார். மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை நானும் கல்யாணத்துக்குப் போனேன். கூறைச் சேலையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு மயிலாத்தாள் நின்றாள். மறு தலைப்பை நாச்சிமுத்து பிடித்திருந்தான். அருமைக்காரர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பந்தியில் என் எதிரே இருந்த கிழவர் ஒருவர் மட்டும் கேட்டார்: "ஏனம்மணி, உங்க மாப்பிள்ளை வரலீங்களா?"

"சத்தியமங்கலத்துல சோலிங்க" என்றாள் மயிலாத்தாள், அவர் இலையில் ரசம் ஊற்றியபடி.

எனக்கு அந்தப் பதில் சங்கடமாக இருந்தது. அதை மறைக்கத் தெரியாமல் இலையைப் பார்த்துக்கொண்டேன். அவள் குரலில் வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. பேசுகிறவள், மௌனமாக இருப்பவள் என்று நாம் பெண்களை இரண்டு வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறோம். அவள் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

ஆடி பிறக்கும் முன் செய்தி வந்தது. இந்தியா உடன்படிக்கையை ஏற்புறுதி செய்துவிட்டது. டயர் கடைக்காரர்களுக்குக்கூட மிட்டாய் கொடுத்தோம். முழு வாசகம் கைக்கு வர மேலும் சில காலம் ஆனது. வக்கீலம்மா படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு என்னிடம் தள்ளினார். சில பிரிவுகளுக்கு அரசு தன் விளக்கத்தைச் சேர்த்திருந்தது. எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிவது என்ற கொள்கையை ஆதரிக்கிறோம், ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில், இத்தனை வழக்கங்களும் மதங்களும் எழுத்தறிவு நிலைகளும் இருக்கும்போது அது நடைமுறைக்கு ஒத்துவராது என்ற பொருளில்.

இன்று நம் மாநிலத்தில் பதிவு கட்டாயம். சான்றிதழை நீங்கள் செல்போனில் எடுத்துக் காட்டுகிறீர்கள். அன்று எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு பத்தி. மிட்டாயின் காகிதங்கள் இன்னும் மேசையில் கிடந்தன.

"போய் நேர்ல சொல்லிட்டு வா" என்றார் வக்கீலம்மா. "தபால்ல போடாதே. அவ கேட்டது அது ஒண்ணுதான்."

பொள்ளாச்சியில் சாரல். கொப்பரையெல்லாம் கூரைக்கடியில் ஏறியிருந்தது. மயிலாத்தாள் சாக்கு ஒன்றை உதறிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அப்பக் காயிதம் முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"நாங் கேட்டது?"

"அதை மட்டும் இப்ப முடியாதுன்னுட்டாங்க."

"ஏனாமா?"

"நாடு ரொம்பப் பெருசாம்."

அவள் சாக்கை மடித்தாள். "ஓட்டுக்கு மட்டும் ஒவ்வொருத்தர் பேரையும் ஊடு ஊடா வந்து எழுதிட்டுப் போறாங்க. அப்பப் பெருசாத் தெரியலீங்களாமா?"

 பேருந்து நிற்கும் இடம்வரை கூடவே வந்தாள். சாரலுக்குச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்பது போல ஏதேதோ சொன்னேன். அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"வக்கீலம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றாள் கீழிருந்து. "அந்தாளு மேல வழக்கு எழுதச் சொல்லுங்க. அடுத்த கூட்டம் எப்பன்னும் சொல்லியனுப்புங்க. எம்பேரு, அந்தாளு பேரு, ஊரு, எல்லாத்தையும் சொல்லிப்போட்டே பேசறேன்."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க மயிலா? அடுத்த சீருக்குக் கூப்பிட மாட்டாங்களே?"

கண்டக்டர் விசிலடித்தார். வண்டி நகர்ந்தது. அவள் கூடவே நாலு எட்டு நடந்து வந்தாள்.

"எனக்கு ஒரே தம்பிதானுங்க அம்மணி. அவனுக்குத்தான் கல்யாணம் ஆயிப்போச்சே! நீங்க பாத்துப் போங்க."